பார்க்கின்சன் மாமாவைக் குதிரையில் ஏற்றலாமா?

குழித்துறை மருமகள் கேட்டது, 6 ஜனவரி 2024

என் மாமனாருக்கு 67 வயது. ரப்பர் பால் வெட்டு வேலை பார்த்தவர். ஐந்து வருடமாகப் பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோய். மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது, திரும்பும்போது தடுமாறுகிறார். குடும்ப குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. வெளிநாட்டில் ஒருவர் குதிரையில் ஏறியதும் நடுக்கம் நின்றுவிடுகிறது. குதிரை ஓட்டினால் இந்த நோய் முழுதாகப் போய்விடும் என்று கீழே எழுதியிருக்கிறார்கள். கடற்கரையில் டூரிஸ்ட்டுகளை ஏற்றும் குதிரையில் ஞாயிறுதோறும் ஒரு ரவுண்டு ஏற்றினால் போதுமா? எத்தனை வாரம் ஏற்ற வேண்டும்?

6 ஜனவரி, இரவு 10.40

வேண்டாம்.

நோய் முழுதாகப் போகாது. குதிரையாலும் போகாது, ஒட்டகத்தாலும் போகாது. கடற்கரைக் குதிரை செல்ஃபிக்காக நிற்பது. மாமா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் யார் பார்ப்பது?

7 ஜனவரி, காலை

ராத்திரி எழுதியதைக் காலையில் படித்தேன். மருமகள் மாமனாருக்காகக் கேட்டிருக்கிறாள், நான் கடித்து வைத்திருக்கிறேன். மாத்திரையின் வேகம் இறங்கும் நேரத்தில் எழுதியது, மன்னிக்கணும் மக்களே.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். 64 வயது, தக்கலைப் பக்கம். 34 வருடம் தபால் ஆபீஸ். 2016இல் எனக்குப் பார்க்கின்சன் என்று சொன்னார்கள். டாக்டர் இல்லை. ஆனால் எட்டு வருடமாக இந்த நோயோடு ஒரே வீட்டில் குடியிருக்கிறேன்.

குதிரை விஷயத்துக்கு வருவோம். வீடியோ பொய்யில்லை, அதன் கீழே எழுதியதுதான் பொய். குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்பின், மேல்கீழ், இடவலம் என்று மூன்று வாக்கிலும் அசைகிறது. மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பும் கூடவே அசையும். நல்ல மனுஷன் நடக்கும்போது இடுப்பு எப்படி அசையுமோ, கிட்டத்தட்ட அப்படி. நமக்கு உடம்பு மரக்கட்டையாகி, இடுப்பும் தோளும் சேர்ந்தே திரும்புகிறது அல்லவா? அந்தப் பூட்டைக் குதிரை வெளியிலிருந்து அசைத்துக் கொடுக்கிறது. பிசியோக்காரர்கள் இதை ஒரு பயிற்சியாகவே பல நாடுகளில் செய்கிறார்கள். நம் பக்கம் சென்னை, பெங்களூரில் குழந்தைகளுக்காகச் செய்பவர்கள் உண்டு.

ஆனால் அந்த ஏற்பாடு வேறு. ஏறுவதற்குப் படி வைத்த மேடை இருக்கும். குதிரையைப் பிடிக்க ஒருவர், இரண்டு பக்கமும் தொடையைத் தாங்கி நடக்க இரண்டு பேர், தலையில் ஹெல்மெட், பக்கத்தில் பிசியோ. ஒரு ஆளை ஏற்ற நான்கு ஆள். குதிரை ஓடாது, நடக்கும். கடற்கரையில் இதில் எது இருக்கிறது? மணலில் குதிரைக்கே கால் புதையும்.

7 ஜனவரி, மதியம்

"அப்போ இது சும்மா பணக்கார விளையாட்டா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். டென்மார்க்கில் லிஸ் ஹார்டெல் என்று ஒரு பெண் இருந்தார். 1944இல் போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே விளங்காமல் போனது. குதிரையில் ஏற்றிவிட, இறக்கிவிட ஆள் வேண்டும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வாங்கினார். குதிரையைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம் என்று ஐரோப்பாவில் பலர் திரும்பிப் பார்த்தது அவரைப் பார்த்துத்தான். போலியோ வேறு, நம் வியாதி வேறு. அவருக்குக் கால் கேட்கவில்லை, மூளை கேட்டது. நமக்கு அது நேர்மாறு.

9 ஜனவரி

பாரிஸில் ஷார்கோ என்று பெரிய நரம்பு டாக்டர். இந்த நோய்க்குப் பார்க்கின்சன் பெயரை வைத்தவரே அவர்தான். தூரமாக ரயிலிலோ குதிரை வண்டியிலோ குலுங்கிக்கொண்டு வந்த நோயாளிகள், வந்து இறங்கியதும் உடம்பு லேசாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். சும்மா இருப்பாரா மனுஷன்? கரண்டில் குலுங்குகிற ஒரு நாற்காலியைச் செய்ய வைத்து, அதில் நோயாளிகளை உட்காரவைத்தார். 1892இல் அதைப் பற்றி வகுப்பே எடுத்திருக்கிறார்.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்க்கத் திருவனந்தபுரம் போகிறேன். களியக்காவிளை தாண்டி இறங்கும்போது எனக்கும் உடம்பு லேசாகத்தான் இருக்கும். இத்தனை நாள் அது மசால் தோசையை நினைத்து வந்த சந்தோஷம் என்று நினைத்திருந்தேன். ரோட்டுப் பள்ளங்களை யாரும் அடைத்துவிட வேண்டாம்.

10 ஜனவரி

நேற்று சொன்னதில் பாதிதான் சரி. ஷார்கோவின் நாற்காலியை சிகாகோவில் திரும்பச் சோதித்துப் பார்த்து 2012இல் எழுதியிருக்கிறார்கள். 23 நோயாளிகள். பாதிப் பேருக்குக் குலுங்குகிற நாற்காலி, மீதிப் பேருக்குச் சத்தம் மட்டும், குலுக்கல் கிடையாது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டமும் தேறியிருக்கிறது. யாரும் யாரைவிடவும் அதிகமாகத் தேறவில்லை.

நாற்காலி பொய் என்று அர்த்தமில்லை. தினமும் ஒரு நேரம் ஒதுக்கி, ஒருவர் நம்மை உட்காரவைத்து, நல்லாகும் என்ற எதிர்பார்ப்போடு இருந்தாலே இந்த நோய் கொஞ்சம் இறங்கிவருகிறது. மூளையில் சுரக்கும் டோப்பமின் என்ற பொருள் குறைவதுதான் நம் வியாதி. எதிர்பார்ப்பும் மூளையில் டோப்பமினைத்தான் கிளறுகிறது. அதனால் இந்த நோயில் "எனக்குச் சரியானது" என்று யார் சொன்னாலும் (நான் சொன்னாலும்) கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள்.

15 ஜனவரி, பொங்கல்

பேச்சு எங்கேயோ போய்விட்டது, நானும் கூடவே போகிறேன். ஆரம்பத்தில் எப்படித் தெரிந்தது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

எனக்குக் கை நடுங்கவில்லை, கையெழுத்து சுருங்கியது. வரி தொடங்கும்போது பெரிதாக இருக்கும், முடியும்போது எறும்பாகிவிடும். ஒரு வங்கியில் என் செக்கைத் திருப்பிவிட்டார்கள், கையெழுத்து பொருந்தவில்லையாம். நான் மேனேஜரிடம் சண்டை போட்டேன். "இத்தனை வருடம் ஊர்க்காரன் கையெழுத்தை நான் பார்த்திருக்கிறேன், என் கையெழுத்தை நீர் பார்க்கிறீரா?" என்றேன். அவர் சரி, நான் தப்பு. அதற்கும் நாலைந்து வருடம் முன்பே மூக்கு போய்விட்டது. வீட்டில் சாளை பொரித்தால் தெருவே மணக்கும், எனக்கு மணக்காது. ஜலதோஷம் என்று விட்டுவிட்டேன். மலச்சிக்கலுக்கு மட்டிப்பழம் தின்று தின்றே ஒரு தோட்டத்தைக் காலி செய்தேன். அதெல்லாம் இதன் முன்னோட்டம் என்று பிறகுதான் தெரிந்தது. நடுக்கம் வரும்போதே மூளையில் அந்தக் குறிப்பிட்ட செல்களில் பெரும்பகுதி போயிருக்குமாம்.

இன்னொன்று. நடுக்கம் எனக்குக் கை சும்மா இருக்கும்போதுதான் வரும், வேலை செய்யும்போது நின்றுவிடும். ரிட்டயர் ஆவதற்கு முந்தைய வருடம் முத்திரை குத்தும் வேலைக்கு ஆளில்லாமல் நானே உட்கார்ந்தேன். மைப்பெட்டியில் ஒன்று, கவரில் ஒன்று. டப் டப், டப் டப். அந்த ஒரு மணி நேரம் என் கையைப் பார்த்து யாரும் நோயாளி என்று சொல்லமாட்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்று எனக்கே இப்போது புரியவில்லை, இருக்கட்டும்.

28 ஜனவரி

சிரிக்காதீர்கள். குதிரையில் ஏறிவிட்டேன்.

உங்களுக்கு வேண்டாம் என்று சொன்னவன்தான். என்னோடு வேலை பார்த்தவரின் சொந்தக்காரத் தம்பி ஒருவர் தோவாளைப் பக்கம் இரண்டு மட்டக்குதிரை வைத்திருக்கிறார். கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலம், கோவில் கொடை, சில நேரம் கட்சி ஊர்வலம், இதுதான் பிழைப்பு. பூச்சந்தையில் வாங்கிய மாலை மிச்சம் கழுத்தில் தொங்க, ஒரு வெள்ளைக் குதிரை காணம் தின்றுகொண்டு நின்றது. "வெடி போட்டாலும் அசையாது சாரே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன்.

ஏறுவதற்குத் திண்ணை. அவர் கயிற்றைப் பிடித்தார், அவருடைய அண்ணன் வலது பக்கம், என் மருமகன் இடது பக்கம். ஹெல்மெட் என் ஸ்கூட்டர் ஹெல்மெட். வீட்டுக்காரி வாசலில் நின்று பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். காலைத் தூக்கி அந்தப் பக்கம் போடுவதற்கே இரண்டு நிமிஷம் ஆனது. தொடை உள்பக்கம் இழுத்த இழுப்பில் எனக்கு அறுபத்துநாலு வயது என்று ஞாபகம் வந்தது.

இருபது நிமிஷம், தென்னந்தோப்புக்குள் நடை. முதல் ஐந்து நிமிஷம் சேணத்தைக் கெட்டியாகப் பிடித்திருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். முதுகு நிமிர்ந்தது, நான் நிமிர்த்தவில்லை. இடுப்பு தானாகப் போய்வந்தது. குதிரையின் சூடு கால் வழியாக ஏறியது. இறங்கியதும் திண்ணையிலிருந்து ஆட்டோ வரை நான் நடந்த நடையை மருமகன் வீடியோ எடுத்திருக்கிறான். கை வீசி நடக்கிறேன்! எனக்கு வலது கை வீசியே ஆறு வருடம் ஆகிறது.

மருமகளே, நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஏற்றலாம்.

2 பிப்ரவரி

திரும்ப வாங்கியதைத் திரும்பக் கொடுக்கிறேன்.

வீட்டுக்காரி மாத்திரை நோட்டை எடுத்து நீட்டினாள். அன்றைக்கு ஏறியது 9.50க்கு. மாத்திரை போட்டது 9.00க்கு, அதுவும் வெறும் வயிற்றில். எனக்கு மாத்திரை போட்ட நாற்பது நிமிஷத்தில் ஆள் மாறிவிடும். அந்த நேரத்தில் என்னைக் கழுதைமேல் ஏற்றியிருந்தாலும் கை வீசித்தான் நடந்திருப்பேன். சிகாகோ நாற்காலியைப் பற்றி நான்தான் எழுதினேன், நான்தான் மறந்தேன்.

(வெறும் வயிறு ஏன் என்று கேட்பவர்களுக்கு: நம் மாத்திரையில் இருக்கும் லெவோடோப்பா என்ற மருந்தும் சாப்பாட்டுப் புரதமும் குடலில் ஒரே வாசலில் முட்டிக்கொள்கின்றன. அயிலைக் கறியோடு மாத்திரை போட்டால் மீன்தான் முதலில் உள்ளே போகும். மாத்திரை சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்பு என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டு வையுங்கள், சிலருக்கு வெறும் வயிற்றில் குமட்டும்.)

4 பிப்ரவரி

ஆய்வு இருக்கிறதா என்று ஒரு தம்பி கேட்டார். இருக்கிறது. குதிரைக்கும் பார்க்கின்சனுக்கும் நடந்தவை எல்லாம் சின்னவை. சில வாரம் ஏறியபின் நடையும் நிலையும் கொஞ்சம் தேறியது என்கின்றன, அதற்குமேல் அவற்றைக் கொண்டு சத்தியம் செய்ய முடியாது. இதே நிலைதடுமாற்றத்துக்கு தை சீ என்ற சீனப் பயிற்சியை 195 நோயாளிகளிடம் சோதித்து 2012இல் எழுதினார்கள். வாரம் இரண்டு நாள், 24 வாரம். விழுவது குறைந்தது. 2023இல் 150க்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்கள், ஏதாவது ஒரு உடற்பயிற்சியை விடாமல் செய்வதுதான் முக்கியம், எது என்பது அதற்கு அப்புறம்தான் என்ற மாதிரி முடித்திருக்கிறார்கள். நடனம்கூட நல்ல பலன் தந்திருக்கிறது.

நடனம் இருக்கட்டும், அடுத்த ஞாயிறு என்ன நடக்கிறது என்று பாருங்கள். மாத்திரைக்கு முன்னால் ஏறிப் பார்க்கப் போகிறேன்.

11 பிப்ரவரி

நடனம் நடந்தது. குதிரை ஆடியது.

காலை மாத்திரையைத் தள்ளிவைத்து 7.15க்குத் தோவாளை. கால் இரண்டும் தரையில் பசை போட்டது மாதிரி. மூன்று பேர் சேர்ந்து மூட்டை தூக்குவதுபோல ஏற்றினார்கள். பத்தடி போயிருக்கும். வலது கால் நடுக்கம் தொடங்கியது. அங்கவடியில் வைத்த குதிகால் குதிரையின் விலாவில் தட் தட் தட் தட் என்று அடிக்கிறது.

நான் மறந்துபோன விஷயம்: அது ஊர்வலக் குதிரை. மேளத்துக்கு ஆடப் பழக்கியது. விலாவில் தட்டினால் ஆட வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என் கால் சொல்கிறது, குதிரை கேட்கிறது. முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து, கழுத்தை வளைத்து, தலையை ஆட்டி, மாப்பிள்ளை ஊர்வலமே நடத்திவிட்டது.

"சாரே, காலை ஆட்டாதீங்க!"

"நான் ஆட்டலைடே, அதுவா ஆடுது!"

"நீங்க ஆட்டினாதான் அது ஆடும் சாரே!"

யார் எதைச் சொல்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பதட்டம் வந்தால் நடுக்கம் கூடும். நடுக்கம் கூடினால் குதிரை உற்சாகமாகும். வீட்டுக்காரி, "இஞ்ச எறக்குங்க, இஞ்ச எறக்குங்க" என்று தோப்பே அதிரக் கத்தினாள். அண்ணன்காரர் என் இடுப்பைக் கட்டிப் பிடித்து அப்படியே கீழே உருவினார். விழவில்லை. விலாவில் ஒரு பக்கம் கன்றிப்போய் நீலமாக இருக்கிறது, குதிரைக்கு இல்லை, எனக்கு.

குதிரை ஒரு தப்பும் செய்யவில்லை. சொன்னதைக் கேட்டது. என் உடம்பில் நான் சொன்னதைக் கேட்கும் ஒன்றைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

12 பிப்ரவரி

விளையாட்டை விட்டு எழுதுகிறேன், யாரும் என்னைப் பார்த்து ஏறிவிடக் கூடாது.

எலும்பு தேய்ந்தவர்கள், முதுகெலும்பில் முறிவு இருந்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் ஏறவேண்டாம். எழுந்து நின்றால் பிரஷர் இறங்கித் தலை சுற்றுபவர்களும் வேண்டாம். நம்மில் பலருக்கு அது உண்டு, நோயாலும் வரும், மாத்திரையாலும் வரும். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் டாக்டர் சொல்லாமல் காலை அகட்டவே கூடாது. மாத்திரையின் உச்சத்தில் உடம்பு தானாக நெளிகிறவர்களுக்கு நேற்று எனக்கு நடந்ததுதான் நடக்கும், இன்னும் பலமாக. சிகிச்சைக்கென்று பழக்கிய குதிரைக்கு இந்த மாதிரி அடியைக் கண்டுகொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். வெடிக்கு அசையாத குதிரை வேறு, குதிகாலுக்கு அசையாத குதிரை வேறு. லாயத்துக்குப் போகிறவர்கள் டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

25 பிப்ரவரி

வீட்டில் தடையுத்தரவு. "குதிரையைப் பார்க்கலாம், ஏறினா நான் ஏரலுக்குப் போயிடுவேன்" என்றாள். ஏரல் அவள் அம்மா ஊர். சரி, பார்க்கத்தான் போனேன், குதிரைக்காரத் தம்பிக்கு நன்றி சொல்ல.

திரும்பும்போது அவர் குதிரையை ரோட்டுக் கடையில் தண்ணீர் காட்ட நடத்திக்கொண்டு போனார். நானும் கூட நடந்தேன். அதன் தோள் பக்கமாக, ஒரு கை நீளம் தள்ளி. சிமென்ட் ரோடு. லாடம் அடித்த குளம்பு. டக், டக், டக், டக். பேசிக்கொண்டே போகிறோம், மாசிக் கொடைக்கு எத்தனை புக்கிங், காணம் கிலோ என்ன விலை என்று. கடைக்கு வந்ததும்தான் கவனித்தேன், நான் எங்கேயும் நிற்கவில்லை. நடுவில் ஒரு ஓடைப் பாலம் இருக்கிறது, கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவே ஒடுக்கம். எனக்கு ஒடுக்கமான இடத்தில் கால் ஒட்டும். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் போன வருடம் நடுவழியில் ஒட்டி நின்று, கீழே 115 அடி, பின்னால் கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று, "தாத்தா போங்கோ" என்று சொல்லச் சொல்ல நான் சிலையாக நின்றவன். இன்றைக்கு அந்த ஓடைப் பாலத்தை எப்போது தாண்டினேன் என்றே தெரியவில்லை.

நோட்டு பார்த்துவிட்டேன். மாத்திரை போட்டு நாலு மணி நேரம். அதாவது ஒட்ட வேண்டிய நேரம்.

3 மார்ச்

முத்திரை குத்தியதை அன்றைக்கு ஏன் எழுதினேன் என்று இப்போது புரிகிறது.

நடையை உள்ளிருந்து எடுத்துக்கொடுக்கிற மேளக்காரன் நமக்கு லீவு போட்டுவிட்டான். வெளியிலிருந்து ஒருவன் தாளம் போட்டால் மூளை வேறு வழியாக வேலையை முடிக்கிறது. தரையில் கோடு போட்டால் தாண்டுவது, சமதளத்தில் நடக்க முடியாதவர் மாடிப்படி ஏறுவது எல்லாம் இதே கதை. நெதர்லாந்தில் பத்தடி நடக்கமுடியாத ஒருவர் சைக்கிளில் ஏறி ஜம்மென்று போனதை 2010இல் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். மிதிகட்டை ஒன்று கீழே போனால் மற்றது மேலே வரும், அதுதான் அவருக்குத் தாளம்.

கணக்கும் போட்டேன். நடையில் குதிரை நான்கு காலையும் தனித்தனியாக வைக்கும்: இடது பின், இடது முன், வலது பின், வலது முன். ஒரு முன்னங்காலை மட்டும் கடிகாரம் வைத்து எண்ணினேன், நிமிஷத்துக்கு 58. அப்படியென்றால் மொத்தச் சத்தம் 232. அதற்கு நான் அடி வைத்தால் நடை இல்லை, ஓட்டம். நமக்கு ஏற்கெனவே சின்னச் சின்ன அடியாக முன்னால் ஓடுகிற கோளாறு வேறு. ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால் 116, அதுவும் கொஞ்சம் வேகம். தம்பியிடம் மெதுவாகப் பிடிக்கச் சொன்னேன். 50க்கு வந்தது. எனக்கு 100. அதுதான் பொருந்தியது.

பின்னால் மட்டும் நடக்காதீர்கள், உதைக்கும். தோளுக்கு நேராக நடந்தால் அது உங்களைப் பார்க்கும், நீங்கள் அதன் காலைக் கேட்கலாம்.

10 மார்ச்

"போனில் தாளம் போடும் மெட்ரோனோம் ஆப் இருக்கிறது, அதற்குப் போய்க் குதிரையா?" என்று ஒரு தம்பி.

இருக்கிறது. போட்டுப் பார்த்தேன். 100க்கு வைத்தேன். வேலை செய்கிறது, குதிரை அளவுக்கே வேலை செய்கிறது. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. ஆனால் போன் என்னை வீட்டைவிட்டு வெளியே கூட்டிக்கொண்டு போகவில்லை. போனுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியதில்லை. நான்காம் நாள் அதைப் போட மறந்தேன், ஐந்தாம் நாள் சோம்பல். குதிரைக்குச் சோம்பல் இல்லை, அதற்குத் தாகம் எடுக்கும், தம்பி போன் பண்ணுவார், "சாரே, வாறீங்களா?"

சிங்காரி மேளம் வைத்தால் என்ன என்று கேட்டவருக்கு: வைக்கலாம். பக்கத்து வீட்டில் யார் சமாதானம் சொல்வது?

12 மார்ச்

பூனைக்காலி விதை தின்னலாமா என்று நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். வேலியில் படர்ந்து கிடக்கிற அதே அரிப்புக் கொடிதான், விதையில் லெவோடோப்பா இருப்பது உண்மை. அதனால்தான் பயம். மாத்திரையில் எவ்வளவு என்று எழுதியிருக்கிறது, விதையில் எழுதவில்லை. மாத்திரையோடு சேர்த்துத் தின்று இரட்டை டோஸ் ஆகி, உடம்பு பாம்பாக நெளிந்த ஒருவரைத் திருவனந்தபுரத்தில் வரிசையில் பார்த்தேன். டாக்டருக்குச் சொல்லாமல் தொடாதீர்கள்.

20 மார்ச்

மருமகள் இரண்டரை மாதம் கழித்து வந்து எழுதியிருக்கிறாள். மாமா குளியலறை வாசலில் விழுந்து புருவத்தில் நாலு தையல். நாங்கள் இங்கே குதிரை, ஒட்டகம் என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மக்களே, இன்றைக்கே செய்யுங்கள். வாசலுக்கு முன்னாலும் பின்னாலும் தரையில் கலர் டேப் ஒட்டுங்கள், ஒரு அடி இடைவெளியில் நாலு பட்டை, அவர் நடக்கும் திசைக்குக் குறுக்காக. கால்மிதியைத் தூக்கிப் போடுங்கள். உள்ளே பிடித்துக்கொள்ள கம்பி. ஒட்டி நிற்கும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், இழுத்தால் உடம்பு வரும், கால் வராது. "நில்லுங்க மாமா, பட்டையைத் தாண்டுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். திரும்பும்போது ஒரே இடத்தில் சுழலாமல், பஸ் திரும்புவதுபோல வட்டம் போட்டுத் திரும்பச் சொல்லுங்கள்.

11 ஏப்ரல்

இன்றைக்கு உலகப் பார்க்கின்சன் நாள். ஜேம்ஸ் பார்க்கின்சன் 1755இல் பிறந்த நாள். இந்த நோயைப் பற்றி 1817இல் அவர் எழுதிய சின்னப் புத்தகத்தில் ஆறே ஆறு நோயாளிகள். அதிலும் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி, தொட்டுப் பார்க்கவில்லை. நடையைப் பார்த்தே எழுதியிருக்கிறார். நானும் இப்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தால் அதைத்தான் செய்கிறேன். வடசேரியில் போன வாரம் ஒருவரைப் பார்த்தேன், ஒரு கை வீசவில்லை. போய்ச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

20 ஏப்ரல்

நேற்று ஓட்டுப் போட்டேன். மை வைத்த பெண் என் விரலைத் துரத்திப் பிடித்து வைத்தாள். ரெண்டு விரலிலும் மை.

19 மே

குதிரை இல்லை. கொடை முடிந்து கல்யாண சீசன், திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டார்கள். மூன்று வாரமாக நடை குறைந்தது, வாசலில் ஒட்டுகிறேன். தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ அனுப்பினார். சிமென்ட் ரோட்டில் அந்த வெள்ளையின் குளம்புச் சத்தம், பதினொரு நிமிஷம், நடுவில் ஒரு லாரி, ஒரு டீக்கடைப் பாட்டு, "போ தங்கம், போ தங்கம்" என்று அவர் குரல். அதைப் போட்டுக்கொண்டு ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடக்கிறேன். வீட்டுக்காரி, "சாணியும் போடச் சொல்லும், செடிக்கு ஆகும்" என்கிறாள்.

2 ஜூன்

மருமகள் எழுதியதை அப்படியே இங்கே போடுகிறேன்:

"டேப் ஒட்டினோம், குளியலறைக்கு இப்போது தனியாகப் போகிறார். நேற்று மழை விட்டதும் தோட்டத்துக்குப் போகணும் என்று அடம் பிடித்தார். பயந்துகொண்டே கூட்டிப்போனோம். ரப்பர் மரங்கள் வரிசையாக நிற்கின்றன அல்லவா. ஒரு மரத்தடியில் நின்றார், வெட்டுக் காயத்தைத் தடவினார், அடுத்த மரத்துக்குப் போனார். அடுத்தது, அடுத்தது. நாற்பது வருடம் நடந்த வரிசை. ஒரு இடத்தில்கூட ஒட்டவில்லை. நாங்கள் பின்னால் ஓட வேண்டியதாயிற்று. அறுபத்திரண்டு மரம் எண்ணினேன்."

மரத்துக்கு மரம் எத்தனை அடி என்று அளந்து எழுது மக்களே. காலை எத்தனை மணிக்குப் போகிறார் என்றும் எழுது, மாத்திரைக்கு முன்னாலா, பின்னாலா. குழித்துறைக்கு இங்கிருந்து ஒரு பஸ்தான். ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன்.